பார்பிகியூ அடுப்பில் புரொப்பேன் சிலிண்டரைப் பாதுகாப்பாகப் பொருத்தும் முறை

மே மாதத்து விக்டோரியா தின விடுமுறை வந்துவிட்டால் கனடாவின் ஸ்காபரோவிலும் மார்க்கம் நகரிலும் தமிழர் வீட்டுப் பின்வளவுகள் புகையும் மசாலா மணமுமாக ஆகிவிடுகின்றன. குளிர்காலம் முழுவதும் பனிக்குள் கிடந்த அடுப்பை உறை நீக்கி வெளியே இழுத்து, கோழியை மிளகாய்த்தூளும் தயிரும் பூசி ஊறவைத்து, விருந்தினர் வந்து அமர்ந்த பிறகுதான் பல வீடுகளில் யாரேனும் ஒருவர் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு அடுப்பின் கீழே குனிகிறார். அந்த அவசரத்தில் செய்யப்படும் இணைப்பு எனக்கு எப்போதும் அச்சம் தருகிறது. ஆகவே பொருத்துவதையும் சோதிப்பதையும் விருந்துக்கு முந்தைய நாளே, வெளிச்சம் இருக்கும்போது, பிள்ளைகள் அருகில் இல்லாத நேரத்தில் செய்து முடித்துவிடுங்கள் என்பதே என் முதல் வேண்டுகோள். இங்கே எழுதுவது ஒன்ராறியோவில் பெரும்பாலான வீடுகளில் உள்ள, 20 இறாத்தல் புரொப்பேன் சிலிண்டரில் எரியும் அடுப்பைப் பற்றியது. வீட்டு எரிவாயுக் குழாயில் இணைக்கும் அடுப்பைப் பற்றியும் பிற்பகுதியில் சிறிது சொல்கிறேன்.

இலங்கையிலிருந்து வந்தவர்களின் கைப்பழக்கம் இந்த வேலையில் குறுக்கே நிற்கக்கூடும். அங்கே 12.5 கிலோ சிலிண்டரின் தலையில் ரெகுலேற்றரை வைத்து அழுத்தினால் "டக்" என்று பூட்டிக்கொள்ளும். சத்தம் கேட்டவுடன் வேலை முடிந்தது என்று கை சொல்லிவிடும். இங்கே உள்ள இணைப்பு மரையில் சுற்றிப் பூட்டும் இணைப்பு. அதில் சத்தம் இல்லை; மரை நேராக ஏறியதா, முழுவதுமாக ஏறியதா என்பதை விரல்தான் உணர வேண்டும். வாயுவும் முற்றிலும் ஒன்றல்ல. இலங்கையில் வீடுகளுக்கு வருவது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த வாயு. பியூட்டேன் பூச்சியம் பாகை செல்சியஸை நெருங்கும்போதே ஆவியாக மறுத்துத் திரவமாகத் தங்கிவிடும். புரொப்பேனோ மறை 42 பாகை வரை ஆவியாகும். கனடாவின் குளிருக்குப் புரொப்பேனே பொருந்துவதன் காரணம் இதுதான். சிலிண்டருக்குள் இருக்கும் அமுக்கமும் அதனால் கூடுதலாகவே இருக்கும்.

புரொப்பேனைப் பற்றி மூன்று செய்திகளை மனத்தில் வைத்துக்கொண்டால் பின்வரும் ஒவ்வொரு படிமுறைக்கும் காரணம் தானாக விளங்கிவிடும். முதலாவது, அது காற்றைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு பாரமானது; கசிந்தால் மேலே எழுந்து கலைந்து போகாமல் தரையோடு ஊர்ந்து பள்ளத்தைத் தேடும். வீட்டின் பேஸ்மென்ட் யன்னல், டெக்கின் அடிப்பகுதி, கராஜின் மூலை ஆகியவை அதற்குப் பள்ளங்களே. இரண்டாவது, சிலிண்டருக்குள் திரவமாக இருப்பது வெளியே வந்தவுடன் ஏறத்தாழ 270 மடங்கு விரிந்து வாயுவாகும். ஒரு தேநீர்க் கோப்பை அளவு திரவம் ஒரு சிறிய கொட்டிலை நிரப்பிவிடும் அளவுக்குக் காற்றோடு கலந்து எரியக்கூடிய கலவையாகும். மூன்றாவது, காற்றில் 2 வீதத்தைச் சற்றுத் தாண்டினாலே அது பற்றிக்கொள்ளும். புரொப்பேனுக்குச் சொந்தமாக மணம் கிடையாது. அழுகிய முட்டையை நினைவூட்டும் நாற்றம் நம்மை எச்சரிப்பதற்காகவே அதனுடன் சேர்க்கப்படுகிறது. தடிமன் பிடித்தவருக்கும் முதியவர் பலருக்கும் அந்த நாற்றம் தெரியாமல் போகலாம் என்பதால் மூக்கை மட்டும் நம்பிச் சோதிப்பது போதாது.

சிலிண்டரை வாங்கும்போது

சிலிண்டரின் மேற்புறத்தில் வால்வைச் சுற்றி ஒரு இரும்பு வளையம் இருக்கும். அதில் பொறிக்கப்பட்ட எழுத்துகளையும் எண்களையும் பெரும்பாலோர் வாசிப்பதில்லை. ஆனால் வாசிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று மாதமும் ஆண்டும். கனடாவில் இந்த வகைச் சிலிண்டரைப் 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுபரிசோதனை செய்து முத்திரையிட வேண்டும், இல்லாவிட்டால் கழித்துவிட வேண்டும். "05 16" என்று பொறித்திருந்தால் 2026 மே மாதத்துக்குப் பிறகு அதை யாரும் நிரப்பித் தரக்கூடாது. மற்றது "ரி.டபிள்யூ." என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் உள்ள எண், அது வெறும் சிலிண்டரின் நிறை. பெரும்பாலும் 17 இறாத்தல் அளவில், அதாவது 7.7 கிலோ அளவில் இருக்கும். குளியலறைத் தராசில் சிலிண்டரை நிறுத்து, அந்த எண்ணைக் கழித்தால் எவ்வளவு வாயு மிச்சம் இருக்கிறது என்பது துல்லியமாகத் தெரியும். முழுதாக நிரப்பிய சிலிண்டர் ஏறத்தாழ 37 இறாத்தல் நிற்கும். தராசு இல்லையென்றால் ஒரு குவளை சுடுநீரைச் சிலிண்டரின் பக்கவாட்டில் ஊற்றிக் கையால் தடவிப் பாருங்கள். திரவம் இருக்கும் மட்டம் வரை இரும்பு குளிர்ந்தே இருக்கும், அதற்கு மேலே சுடும்.

கைப்பிடி முக்கோண வடிவில் உள்ள வால்வாக இருந்தால் அதற்குள் ஒரு மிதவை இருக்கிறது என்று பொருள். திரவம் கொள்ளளவின் 80 வீதத்தை எட்டியதும் அது மேற்கொண்டு நிரம்பவிடாமல் தடுக்கும். மிச்சமுள்ள 20 வீத இடம், வெயிலில் திரவம் விரிவதற்காக விடப்படுகிறது. அந்த இடம் இல்லாமல் நிரப்பிய சிலிண்டர் கோடையில் தன் பாதுகாப்பு வால்வைத் தானே திறந்து வாயுவை வெளியேற்றும். ஆழமான பள்ளம் விழுந்த சிலிண்டரையும், அடிவளையம் துருப்பிடித்து உதிரும் சிலிண்டரையும், வால்வில் தீப்பட்ட கறுப்பு தெரியும் சிலிண்டரையும் மாற்றிக் கேளுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் கேளுங்கள்.

காரில் கொண்டு வரும்போது சிலிண்டரை நிமிர்த்தி நிறுத்தி, உருளாதபடி கட்டி, வால்வின் வாயை அதற்குரிய மூடியால் அடைத்து, யன்னலைச் சற்றுத் திறந்து வைத்து நேரே வீட்டுக்கு வர வேண்டும். சரித்துப் படுக்கவைத்தால் பாதுகாப்பு வால்வின் வாய்க்கு ஆவிக்குப் பதிலாகத் திரவம் வந்து நின்றுவிடும். மளிகைக் கடையில் மீன் வாங்க அரை மணி நேரம் நிற்கும்போது, யூலை வெயிலில் மூடிய டிக்கியில் சிலிண்டரை விட்டுச் செல்வது நம்மவர்களிடம் அதிகம் காணும் தவறு. சிலிண்டர் வாங்குவதைக் கடைசி வேலையாக வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லையே இல்லை.

அடுப்பு நிற்கும் இடம்

அடுப்பு திறந்த வெளியில், சமதரையில், வீட்டுச் சுவரிலிருந்தும் மரவேலியிலிருந்தும் தள்ளி நிற்க வேண்டும். எவ்வளவு தள்ளி என்பதை அடுப்போடு வந்த கையேடு சொல்லும். கையேடு தொலைந்திருந்தால் உற்பத்தியாளரின் இணையத்தளத்தில் மாதிரி எண்ணைக் கொடுத்து எடுத்துக்கொள்ளலாம். பிளாஸ்டிக் பலகை அடித்த வெளிச்சுவர் தீ தொடாமலேயே வெப்பத்தில் அலை அலையாக உருகி வளைந்துவிடும். மழை வந்தால் கராஜுக்குள் தள்ளிக் கதவைத் திறந்து வைத்துச் சமைக்கும் வழக்கத்தை முற்றாக விட்டுவிடுங்கள். பாரமான வாயு அந்தத் தரையில் தேங்குவது ஒரு ஆபத்து. எரியும் அடுப்பிலிருந்து வரும், மணமோ நிறமோ இல்லாத கார்பன் மொனொக்சைட்டு வீட்டுக்குள் ஏறுவது மற்றொரு ஆபத்து.

மாடிக் குடியிருப்பில் வசிப்போருக்கு ஒன்ராறியோவின் தொழில்நுட்பத் தரநிலைகள் பாதுகாப்பு ஆணையமான ரி.எஸ்.எஸ்.ஏ. தனியான நிபந்தனைகளை வைத்திருக்கிறது. பல்கனி மூடப்படாமல் திறந்ததாக இருக்க வேண்டும். சிலிண்டரின் பாதுகாப்பு வால்வு, அதற்குக் கீழே உள்ள கட்டட வாசல் யன்னல்களிலிருந்து கிடைமட்டமாக 1 மீற்றரும், கட்டடத்துக்குக் காற்றை இழுக்கும் வாயிலிலிருந்து 3 மீற்றரும் தள்ளி இருக்க வேண்டும். சரக்கு லிஃப்ட் உள்ள கட்டடத்தில் சிலிண்டரை அதில்தான் கொண்டு போக வேண்டும். இவை எல்லாம் பொருந்தினாலும் கட்டட நிருவாகத்தின் விதி இடம் கொடுக்காவிட்டால் சிலிண்டருக்கு அங்கே இடமில்லை. பல கட்டடங்கள் இடம் கொடுப்பதில்லை.

குழாயையும் பர்னரையும் பார்த்தல்

2008 ஆகஸ்ட் 10 அதிகாலையில் ரொறன்ரோவின் டவுன்ஸ்வியூப் பகுதியில் புரொப்பேன் நிலையம் ஒன்று வெடித்ததையும், ஆயிரக்கணக்கான மக்கள் இரவு உடையோடு வீடுகளை விட்டு வெளியேற்றப்பட்டதையும் இங்கே நெடுங்காலம் வாழ்வோர் மறந்திருக்க மாட்டார்கள். ஒரு வண்டியிலிருந்து இன்னொரு வண்டிக்கு வாயு மாற்றும்போது குழாயில் ஏற்பட்ட கசிவே அதற்குத் தொடக்கம். பின்வளவு அடுப்பின் அளவு எங்கே, அந்த நிலையத்தின் அளவு எங்கே என்று கேட்கலாம். அளவு வேறுதான், ஆனால் இரும்புத் தாங்கியைவிட அதோடு இணைந்த ரப்பர் குழாயே முதலில் கைவிடும் என்பது இரண்டுக்கும் பொது.

சிலிண்டரைக் கிட்டே கொண்டு வருவதற்கு முன்பே அடுப்பின் ரப்பர் குழாயைக் கையில் எடுத்து, ஒரு முனையிலிருந்து மறு முனை வரை, பகல் வெளிச்சத்தில் மெல்ல வளைத்து வளைத்துப் பாருங்கள். வளைக்கும் இடத்தில் மெல்லிய வெடிப்புகள் வாய் திறக்கின்றனவா, எங்கேனும் மிருதுவாகிப் புடைத்திருக்கிறதா, அடுப்பின் சூடான அடித்தட்டிலோ எண்ணெய்த் தட்டிலோ உரசிய தேய்வு இருக்கிறதா என்று கவனியுங்கள். அணில்களை மறந்துவிடாதீர்கள். சில ஆண்டுகளுக்கு முன்னர் என் வீட்டு அடுப்பின் குழாயில், ரெகுலேற்றரிலிருந்து ஒரு சாண் தூரத்தில், இரண்டு சிறிய கீறல்களைக் கண்டேன். பார்வைக்கு அவை மேற்பூச்சில் பட்ட உராய்வு போலவே இருந்தன. விரலை வைத்தால்கூட ஒன்றும் தெரியவில்லை. சவர்க்கார நீரைத் தடவியபோதுதான் இரண்டாவது கீறலிலிருந்து கடுகளவு குமிழி ஒன்று எழுந்து, வளர்ந்து, பக்கத்தில் இன்னொன்று முளைத்தது. அணிலின் பல் ரப்பரின் உட்பாகம் வரை போயிருந்தது. அப்படிப்பட்ட குழாயில் ஒட்டுநாடா சுற்றக்கூடாது; குழாயை மாற்றிவிட வேண்டும். குழாயும் ரெகுலேற்றரும் ஒன்றாக இணைந்தே கடையில் கிடைக்கின்றன. உங்கள் அடுப்புக்குரியதையும், கனடியத் தரநிலை அமைப்பான சி.எஸ்.ஏ. போன்றவற்றின் அங்கீகார முத்திரை உள்ளதையும் பார்த்து வாங்குங்கள்.

அடுத்தது பர்னர். அடுப்பின் திருகிக்கும் பர்னருக்கும் இடையில், வாயு காற்றோடு கலந்து செல்லும் சிறு குழல் ஒன்று இருக்கும். குளிர்காலத்தில் சும்மா கிடக்கும் அந்தக் குழலுக்குள் சிலந்திகள் வலை பின்னி முட்டையிடுவது இந்த நாட்டில் மிகச் சாதாரணம். வழி அடைபட்டால் வாயு முன்னே போகாமல் பின்னால் திரும்பி, திருகிகளுக்குக் கீழே வெளியேறும். தீ வைத்தவுடன் அது சமைப்பவரின் வயிற்றுப் பக்கமாக எரியும். ஆகவே பர்னர்களைக் கழற்றி, நீண்ட மெல்லிய தூரிகையைக் குழலுக்குள் விட்டுத் தேய்த்து, ஒரு பக்கத்தால் வெளிச்சம் விட்டு மறு பக்கத்தால் பார்த்துத் திரும்பப் பொருத்துங்கள். பொருத்தும்போது ஒவ்வொரு பர்னரின் வாயும் அதற்குரிய பித்தளை ஜெட்டின், அதாவது வாயு வெளிவரும் சிறு துளையுள்ள முனையின், மேல் சரியாக அமர்ந்திருக்க வேண்டும். கடந்த ஆண்டின் கொழுப்பு படிந்த தட்டையும் இப்போதே சுரண்டிக் கழுவிவிடுங்கள்.

பொருத்துதல்

இப்போது சிலிண்டர். அடுப்பின் திருகிகள் எல்லாம் மூடியிருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். சிலிண்டரின் கைப்பிடியைக் கடிகார முள் சுற்றும் திசையில் திருகி, அதுவும் மூடியிருப்பதை உறுதி செய்யுங்கள். சிலிண்டரை அதற்குரிய தட்டில் நிமிர்த்தி வைத்து, பூட்டுக் கம்பியாலோ திருகாணியாலோ அசையாமல் பிடித்துக்கொள்ளச் செய்யுங்கள். வால்வின் வாய் ரெகுலேற்றர் வரும் பக்கத்தைப் பார்த்திருந்தால் குழாய் முறுக்குப்படாது. குழாய் ஓரிடத்தில் மடிந்து நின்றால் அந்த மடிப்பில்தான் அடுத்த ஆண்டு வெடிப்பு வரும்.

வால்வின் மூடியைக் கழற்றியதும் உள்ளே எட்டிப் பாருங்கள். வால்வின் வாய்க்கு உள்ளே ஒரு கறுப்பு ரப்பர் வளையம் இருக்கும். அது கிழியாமலும் இடம் பெயராமலும் இருக்க வேண்டும். மண்ணோ உலர்ந்த இலைத் துணுக்கோ இருந்தால் சுத்தமான துணியால் எடுத்துவிடுங்கள். ரெகுலேற்றர் முனையில் உள்ள பித்தளைக் குழலையும் அவ்வாறே துடையுங்கள். அதில் வெட்டோ நெளிவோ இருக்கக்கூடாது.

இன்றைய அடுப்புகளில் உள்ளது "கியூ.சி.சி. 1" என்று அழைக்கப்படும் இணைப்பு. பெரிய கறுப்புப் பிளாஸ்டிக் நட்டு ஒன்று வால்வின் வெளி மரையில் ஏறும். பித்தளை முனையை வால்வின் வாய்க்குள் நேராக விட்டு, நட்டைக் கடிகார முள் திசையில் விரல்களால் மெல்லச் சுற்றுங்கள். முதல் இரண்டு சுற்று தங்கு தடையின்றி வழுக்கிப் போக வேண்டும். ஆரம்பத்திலேயே இறுகினால் மரை கோணலாக ஏறுகிறது என்று பொருள். பலத்தைக் கூட்டாமல் பின்னே சுற்றிக் கழற்றி மறுபடி தொடங்குங்கள். கையால் நன்றாக இறுகும் வரை சுற்றினால் போதும். ஸ்பானர் எடுக்க வேண்டாம். பலமாக முறுக்கினால் பிளாஸ்டிக்கில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விழும். அந்த நட்டு பிளாஸ்டிக்கில் செய்யப்பட்டிருப்பது செலவைக் குறைப்பதற்காக அல்ல. இணைப்பைச் சுற்றித் தீ பிடித்தால் அது இளகி, பித்தளை முனை பின்வாங்கி, வால்வு தானாக அடைத்துக்கொள்ளும்படி வகுக்கப்பட்ட காவல் அது.

பழைய அடுப்புகளில் "பி.ஓ.எல்." என்னும் பித்தளை இணைப்பு இருக்கலாம். அது வால்வின் உள் மரையில் ஏறுவது. மரையும் இடப்பக்கமாக, அதாவது கடிகாரத்துக்கு எதிர்த் திசையில்தான் இறுகும். இதற்கு ஸ்பானர் தேவை. இறுக்கும் திசை தெரியாமல் "இறுகவே மாட்டேன் என்கிறது" என்று போராடுவோர் பலர். எந்த இணைப்பானாலும் மரையில் வெள்ளை நாடாவோ பசையோ பூசக்கூடாது; இவை ஒட்டும் பொருளால் அடைபடும் இணைப்புகள் அல்ல.

சவர்க்கார நீர்ச் சோதனை

இந்தப் பகுதியை எழுதுவதற்காகவே மற்றவற்றை எழுதினேன் என்றும் சொல்லலாம். சிலிண்டரைக் கழற்றிப் பூட்டிய ஒவ்வொரு முறையும் இதைச் செய்ய வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறை போதாது. பாத்திரம் கழுவும் திரவச் சவர்க்காரமும் நீரும் சம பங்காகக் கலந்து ஒரு சிறிய கோப்பையில் எடுத்துக்கொள்ளுங்கள். சுவரில் சாயம் பூசும் பழைய தூரிகை ஒன்று போதும். தெளிக்கும் போத்தலைவிடத் தூரிகையே நல்லது. தெளித்தால் வரும் நுரைக்கும் கசிவால் வரும் குமிழிக்கும் வேறுபாடு தெரியாமல் போகும்.

அடுப்பின் மூடியைத் திறந்து வையுங்கள். திருகிகள் மூடியபடியே இருக்கட்டும். சிலிண்டரின் கைப்பிடியை மிக மெல்ல, கால் சுற்றளவு திறந்து, சில விநாடிகள் பொறுத்து, பிறகு ஒரு முழுச் சுற்று திறவுங்கள். இப்போது ரெகுலேற்றரிலும் குழாயிலும் அடுப்பின் உள் வால்வுகள் வரையிலும் வாயு நிறைந்து நிற்கிறது. வெளியே போக வழியில்லை. தூரிகையைத் தோய்த்து, கைப்பிடியின் தண்டு வால்வுக்குள் நுழையும் இடம், வால்வு சிலிண்டருக்குள் இறங்கும் இடம், கறுப்பு நட்டு, ரெகுலேற்றர், குழாய் ரெகுலேற்றரில் சேரும் கழுத்து, குழாயின் முழு நீளம், குழாய் அடுப்பில் முடியும் இடம் என்ற ஒழுங்கில் தடவி வாருங்கள். குழாயின் மேற்பக்கத்தை மட்டும் தடவி விடாமல் அடிப்பக்கத்தையும் தடவுங்கள்.

தடவியவுடன் தெரியும் நுரையைக் கண்டு பதற வேண்டாம். தூரிகை விட்ட நுரை நின்ற இடத்தில் நின்று மெல்ல அடங்கும். கசிவின் குமிழியோ ஒரே புள்ளியிலிருந்து பிறந்து, பெருத்து, உடைந்து, மறுபடி பிறக்கும். சிறிய கசிவுக்கு அரை நிமிடம்கூட எடுக்கலாம். ஆகையால் ஒவ்வோர் இடத்திலும் பொறுத்துப் பாருங்கள். குமிழி கண்டால் சிலிண்டரை மூடி, அந்த இணைப்பைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் பூட்டி, மறுபடி சோதியுங்கள். இரண்டாவது முறையும் வந்தால் அன்று அந்த அடுப்பில் சமையல் இல்லை. கசிவு சிலிண்டரின் வால்விலேயே இருந்தால் அதை மூடி, வீட்டிலிருந்து தள்ளித் திறந்த வெளியில் நிமிர்த்தி வைத்து, கொடுத்த கடைக்காரரைத் தொலைபேசியில் அழைத்துக் கேளுங்கள். காரில் ஏற்ற வேண்டாம்.

நெருப்புக்குச்சியையோ லைட்டரையோ இணைப்பின் அருகே பிடித்துப் பார்க்கும் வழக்கம் நம் மூத்தவர்கள் சிலரிடம் உண்டு. அன்பாகவும் உறுதியாகவும் தடுத்துவிடுங்கள். கசிவு இல்லாவிட்டால் அந்தச் சோதனை ஒன்றும் காட்டாது. கசிவு இருந்தால் சோதிப்பவரின் கையிலேயே தீ பிடிக்கும்.

பற்றவைத்தல்

மூடி திறந்தபடியே இருக்க வேண்டும். மூடிய அடுப்புக்குள் வாயு சேர்ந்த பின் பொறி விழுந்தால் மூடி பறக்கும். முகத்துக்கு நேரே குனிந்து நிற்பவரின் புருவமும் முடியும் கருகுவது இப்படித்தான். முகத்தைத் தள்ளி வைத்து, ஒரு திருகியை மட்டும் திறந்து உடனே பொறியைத் தட்டுங்கள். ஐந்து விநாடிக்குள் பற்றாவிட்டால் திருகியை மூடி, ஐந்து நிமிடம் காத்திருந்து, தேங்கிய வாயு கலைந்த பிறகே மீண்டும் முயலுங்கள். தீ நீலமாக, நுனியில் மட்டும் சற்று மஞ்சளாக இருந்தால் நல்லது. முழுவதும் மஞ்சளாகப் புகையோடு எரிந்தால் காற்றுவழி அடைபட்டிருக்கிறது; சிலந்தியை மறுபடி நினைத்துக்கொள்ளுங்கள்.

புதிதாகப் பொருத்திய அடுப்பு தீப்பிடித்தும் சூடேறாமல் 120, 150 பாகை செல்சியஸிலேயே நின்றுவிடுகிறது என்ற முறையீட்டை அடிக்கடி கேட்கிறேன். சிலிண்டரில் வாயு குறைவு என்று திரும்பக் கொண்டு போய்க் கொடுப்பவர்களும், அடுப்பே பழுது என்று புதிதாக வாங்குபவர்களும் உண்டு. பெரும்பாலான நேரம் காரணம் வேறு. இணைப்பின் பித்தளை முனைக்குள், குழாய் அறுந்தால் வாயுவைக் கட்டுப்படுத்தும் சிறு தடுப்பு ஒன்று இருக்கிறது. சிலிண்டரை வேகமாகத் திறந்தாலோ, பர்னர் திருகி திறந்திருக்கும்போது சிலிண்டரைத் திறந்தாலோ, வாயு பாயும் வேகத்தைக் கண்டு குழாய் அறுந்துவிட்டது என்று எண்ணி அது வழியைக் குறுக்கிவிடும். அதை விடுவிக்க, திருகிகளையும் சிலிண்டரையும் மூடி, நட்டைக் கழற்றி, மூடி திறந்த நிலையில் திருகிகளை ஒரு நிமிடம் திறந்து வைத்துக் குழாயில் மிஞ்சிய வாயுவைப் போகவிட்டு, மறுபடி எல்லாவற்றையும் மூடி, நட்டைப் பூட்டி, சிலிண்டரை மெல்ல, மிக மெல்லத் திறவுங்கள். சோதனையையும் திரும்பச் செய்யுங்கள். மெல்லத் திறந்த பின்னும் ஒவ்வொரு முறையும் இதே நிலை வந்தால் உண்மையிலேயே எங்கோ கசிவு இருக்கிறதா என்று தேட வேண்டும்.

வீட்டு எரிவாயுக் குழாயில் இணைப்பதானால்

வீட்டுக்கு வரும் இயற்கை எரிவாயு வேறு பொருள். அது பெரும்பாலும் மீதேன். ஒரே கன அளவில் புரொப்பேன் தரும் வெப்பத்தில் அது ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கே தரும். அதற்கேற்ப அடுப்பின் ஜெட் துளைகள் பெரிதாக இருக்கும். அந்த அடுப்பில் புரொப்பேனை விட்டால் தீ கட்டுக்கு அடங்காமல் எழும். புரொப்பேன் அடுப்பை வீட்டுக் குழாயில் இணைத்தால் தீ மினுங்கி அணையும். குழாயை மட்டும் மாற்றி வாயுவை மாற்ற முடியாது. உற்பத்தியாளர் தரும் மாற்றுக் கருவித்தொகுதி இருந்தால், அதை உரிமம் பெற்ற தொழில்நுட்பவியலாளர் பொருத்த வேண்டும்.

வீட்டுச் சுவரிலிருந்து பின்வளவுக்குப் புதிய குழாய் இழுப்பதை ஒன்ராறியோவில் ரி.எஸ்.எஸ்.ஏ.யில் பதிவு செய்த ஒப்பந்தகாரரே செய்ய வேண்டும். "எனக்குத் தெரிந்த தம்பி ஒருவர் குறைந்த விலைக்குச் செய்வார்" என்று யாரேனும் சொன்னால், அவருடைய உரிம அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு ஏதும் இல்லை. குழாய் வந்து வெளியே விரைவு இணைப்பு பொருத்தப்பட்ட பின், அடுப்பின் குழாயை அதில் செருகுவதும் கழற்றுவதும் வீட்டுக்காரரே செய்யக்கூடியவை. செருகும்போது பின்னே இழுத்த வளையம் முன்னே வந்து பூட்டிக்கொள்ளும் வரை தள்ளி, சற்று இழுத்துப் பார்த்து, சவர்க்கார நீரைத் தடவுங்கள்.

மணம் வந்தால்

சமைக்கும்போது வாயு நாறினால், பாதுகாப்பாகக் கை போகும் என்றால் சிலிண்டரையும் திருகிகளையும் மூடி, எல்லோரையும் தள்ளிப் போகச் சொல்லுங்கள். மின்சுவிட்ச் எதையும் போடவோ அணைக்கவோ வேண்டாம். சிகரெட் புகைப்பவர் இருந்தால் முதலில் அவரை அகற்றுங்கள். நாற்றம் தொடர்ந்தால் தூரச் சென்று அங்கிருந்து 911ஐ அழையுங்கள். சிலிண்டரின் தலைப்பகுதியிலேயே தீ எரிந்தால் அருகே போக வேண்டாம். தண்ணீர் வாளியோடு ஓடுபவரையும் பிடித்து நிறுத்துங்கள். அணைந்த தீயிலிருந்து தொடர்ந்து வெளியேறும் வாயு தரையில் பரவி இன்னோர் இடத்தில் பற்றும்.

மூடுதலும் வைத்திருத்தலும்

சமையல் முடிந்ததும் முதலில் சிலிண்டரை மூடி, குழாயில் மிஞ்சிய வாயு எரிந்து தீ தானாக அணைந்த பிறகு திருகிகளை மூடுங்கள். இப்படிச் செய்தால் குழாய் அடுத்த முறை வரை வெறுமையாக இருக்கும். திருகிகளை மூட மறப்பதே இந்த முறையில் நேரக்கூடிய தவறு. அணைந்த பிறகு ஒவ்வொன்றையும் கையால் தொட்டு உறுதி செய்யுங்கள்.

ஒரு முழுச் சிலிண்டர், மணிக்கு 40,000 பி.ரி.யூ. (வெப்பத்தை அளக்கும் அலகு) எரிக்கும் அடுப்பை முழு வேகத்தில் ஏறத்தாழ 10 மணி நேரம் ஓட்டும் என்பதால் பல குடும்பங்கள் கோடை விருந்துக்கு இரண்டாவது சிலிண்டரையும் வாங்கி வைக்கின்றன. அந்த மேலதிகச் சிலிண்டரை அடுப்பின் கீழேயோ பக்கத்திலேயோ வைக்கக்கூடாது. வாயை மூடி, நிழலான திறந்த வெளியில், வீட்டு வாசலிலிருந்தும் பேஸ்மென்ட் யன்னலிலிருந்தும் தள்ளி, விழாதபடி நிமிர்த்தி வையுங்கள்.

குளிர்காலத்திலும் சிலிண்டரின் இடம் வெளியேதான். பனி விழுகிறதே என்று வீட்டுக்குள்ளோ கராஜுக்குள்ளோ கொண்டு வராதீர்கள். குளிர் அதற்கு ஒன்றும் செய்யாது. அடுப்பை உள்ளே வைக்க விரும்பினால், சிலிண்டரைக் கழற்றி வாயை அடைத்து வெளியே விட்டு, குழாயின் முனையில் ஒரு பிளாஸ்டிக் பையைக் கட்டி, சிலந்தி புகாதபடி மூடி, அடுப்பை மட்டும் உள்ளே தள்ளுங்கள். அடுத்த வசந்தத்தில் அந்தப் பையை அவிழ்க்கும் நாளில், குழாயை வளைத்துப் பார்ப்பதிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி தொடங்க வேண்டும்.